குளிர்காற்று

பெயர் ஒனோஃப்ரே பார்ரியா என்று சொல்லி உட்கார்ந்தான்.
"போன வாரம் வெட்டினீர்களே, அதே மாதிரி."

போன வாரம் வெட்டிய தலை இன்னும் என் விரல்களில் இருக்கிறது.
உச்சியில் சுழி வலமாகச் சுற்றும்,
நெற்றிமுடி வலப்பக்கம் எகிறி நிற்கும்.
இவனுக்கு இரண்டுமே இடம்.
கண்ணாடியைப் பார்த்தால் அச்சு அசல் அவன்.
குனிந்து தலையைப் பார்த்தால் வேறொருவன்.

இன்னொன்றும் உண்டு.
போன வாரத்துக்காரன், இடக்காதருகே கத்திரி வந்தபோது
இமைக்கவில்லை.
வலப்பக்கம் இமைத்தான்.
பதினெட்டு வருஷமாகக் காதோரம் வெட்டுகிறேன்;
எந்தக் கண் செத்தது என்று
எனக்கு யாரும் சீட்டு எழுதித் தரவேண்டாம்.
இவன் இரண்டு பக்கமும் இமைக்கிறான்.

மடியில் பழுப்பு உறை, துறைமுக அலுவலக முத்திரை.
பதினொன்றரைக்குக் கண் பரிசோதனை.
உறைக்கு வெளியே பாதி நீட்டியிருந்த அட்டையில்
வலப்பக்கம் முடி எழும்பிய ஒரு முகம்.
"முடியுமா, நெவென்கா?"
அண்ணனா தம்பியா என்றுகூட நான் கேட்கவில்லை.

முடியும்.
சுழியோடு மல்லுக்கட்டக் கூடாது, அவ்வளவுதான்.
ஈரத்தில் வெட்டினால் பொய் சொல்லும்:
சாதுவாகப் படிந்து கிடந்து
காய்ந்ததும் விரலளவு எகிறும்.
அதனால் உலரவிட்டு, அது நிற்கிற நிலையிலேயே,
கொஞ்சம் கொஞ்சமாக.
நீளம் விடவேண்டும். கனம்தான் அதற்குக் கடிவாளம்.
பல் கத்திரியை வேருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் போச்சு,
குட்டை முடிகள் அடியில் நின்று
நெட்டை முடிகளுக்கு முட்டுக்கொடுத்துத் தூக்கிவிடும்.
முனையைச் செங்குத்தாகப் பிடித்து
நுனியை மட்டும் கொத்திக் கொத்தி,
சுழி எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று
சீப்புக்கே தெரியாதபடி.

உச்சியை அப்படியே விட்டேன்.
கண் பார்க்கிற டாக்டர் உச்சந்தலையைப் பார்க்கமாட்டார்.

நெற்றிதான் வேலை.
வேரை மட்டும் நனைத்து, சூடான காற்றில்
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்,
பிரஷ்ஷை மண்டையோடு ஒட்டி, திரும்பத் திரும்ப.
பிறந்ததிலிருந்து ஒரே பக்கம் போய்ப் பழகிய முடி
எந்தப் பக்கம் என்று குழம்பும்.
குழம்புகிற நேரத்தில் சாய்த்துப் பிடிக்கவேண்டும்.
பிடித்தேன். வலப்பக்கம் சாய்ந்தது.
இப்போது நேரில் அவன்;
கண்ணாடியில்தான் இல்லை.

அதற்குப் பிறகுதான் பேசினான்.
மார்ச்சில் வலை இழுக்கும்போது கம்பிவடம் அறுந்ததாம்.
"நாலு பிள்ளைகள் அவனுக்கு,
வேறு வேலையும் தெரியாது" என்றான்.
அவனுக்கு என்று சொன்னது அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும்.
வாயை மூடிக்கொண்டான்.

படகு செவ்வாய்க்கிழமை கிளம்புகிறது.
இரவில், மேல்தளத்தில், அதே வடம்.
அவனுக்கு இடப்பக்கத்தில் யாராவது நிற்பார்கள்.
எப்போதாவது இங்கே வந்து உட்கார்ந்த தலையாகக்கூட இருக்கலாம்.

கடைசியாகக் குளிர்காற்று வைக்கவேண்டும்.
அரை நிமிஷம் போதும். அப்போதுதான்
வளைத்தது வளைத்தபடி இறுகும்.
பொத்தான்மேல் கட்டைவிரல் இருந்தது.

வைக்கவில்லை.
மெழுகும் தடவவில்லை.

காசு வேண்டாம் என்றேன்.
அதை அவன் அன்பு என்று எடுத்துக்கொண்டு
என் கையை இரண்டு கையாலும் பிடித்தான்.

புந்தா அரேனாஸில் நவம்பர்.
நடக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளத்
தெருமுனைகளில் கயிறு கட்டியாயிற்று.
அலுவலகம் நான்கு தெரு தள்ளி,
மகெல்லன் நீரிணைக்கு நேர் எதிரே.

கதவைத் திறந்தான்.
தரையில் கிடந்த முடியெல்லாம் எழுந்து ஒரு சுற்று சுற்றியது.
ஒரு கையில் கயிறு, கக்கத்தில் உறை,
மறுகையால் நெற்றியை அழுத்திப் பிடித்தபடி
முனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

துடைப்பத்தை எடுத்தேன்.
அடுத்தவர் இரண்டு முறை இருமினார்.